மனச்சோர்வுக்கு மூலிகை நானோ மருந்து: கடையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பார்மசி படித்தவன். கொஞ்ச காலமாகக் கடைக்கு வருகிறவர்களில் சிலர், மருந்துச் சீட்டை நீட்டுவதற்கு முன்னால் போனை நீட்டுகிறார்கள். "அண்ணே, இத ஒண்ணு பாருங்க." மஞ்சளையோ வல்லாரையையோ நானோ துகளாக்கியாயிற்று, அது நேராக மூளைக்குள் போய் மனச்சோர்வைத் தீர்த்துவிடும் என்று அந்த வீடியோ சொல்லும். கேட்கிறவர் பெரும்பாலும் தனக்காகக் கேட்பதில்லை. மகளுக்காக, தம்பிக்காக, வீட்டுக்காரிக்காகக் கேட்பார். கூட்ட நேரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

மனஅழுத்தமும் மனச்சோர்வும் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றாகத்தான் சொல்கிறோம். கடன், பரீட்சை, மகள் கல்யாணம் என்று ஏதோ ஒன்று நெருக்கும்போது வருவது மனஅழுத்தம். நெருக்கடி தீர்ந்தால் பெரும்பாலும் அதுவும் தணியும். மனச்சோர்வு ஒரு நோய். இரண்டு வாரத்துக்கு மேலாக, ஏறக்குறைய நாள் முழுக்க மனம் கனத்துக் கிடக்கும். பிடித்த எதிலும் பிடிப்பு இருக்காது. தூக்கமும் பசியும் தடுமாறும், உடம்பு அசந்துபோகும், தான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றும். சிலருக்குச் சாவைப் பற்றிய நினைப்பு வரும். நம் ஊரில் பலர் இதை மனசு என்று சொல்லவே மாட்டார்கள். தலை கனம், மேல் வலி, வாயு என்று சொல்லி வலி மாத்திரை கேட்பார்கள்.

பெங்களூரிலுள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்த 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த நோய் வந்திருக்கிறது. நீங்கள் போகிற பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூலிகையில் இதற்கு உண்மையிலேயே மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் எந்த மூலிகை, எவ்வளவு, யாருக்கு என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

அதிகம் சோதிக்கப்பட்டது ஐரோப்பாவில் வளரும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூச்செடி. ஹைபர்ஃபோரின், ஹைபெரிசின் என்பவை அதிலுள்ள முக்கியச் சத்துகள். 29 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 5,489 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2008இல் வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட இந்தச் செடியின் சாரம் நன்றாக வேலை செய்தது, வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளுக்கு ஈடாகவும் இருந்தது என்று அது சொன்னது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில் மட்டும் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் அதே மதிப்பாய்வு ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. இதன் உறவுச் செடி ஒன்று நீலகிரியிலும் பழனி மலையிலும் பூத்து நிற்கும். அதைப் பறித்துக் கஷாயம் வைத்தால் அதே மருந்தாகிவிடாது.

அடுத்து குங்குமப்பூ. ஈரானில் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் சாரம் கொடுத்துச் சோதித்தார்கள். லேசான, நடுத்தரமான மனச்சோர்வில் பலன் தெரிந்தது. ஆய்வுகள் சிறியவை, ஓரிரு மாதங்களுக்குள் முடிந்துபோனவை.

மஞ்சளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். அதிலுள்ள குர்குமினை வைத்துக் குஜராத்தின் பாவ்நகர் அரசு மருத்துவக் கல்லூரியில் 60 நோயாளிகளிடம் ஆறு வாரம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு பிரிவுக்குத் தினம் 1,000 மி.கி. குர்குமின், இன்னொரு பிரிவுக்கு வழக்கமான மனச்சோர்வு மாத்திரையான ஃப்ளூவாக்செடின் 20 மி.கி., மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. மூன்று பிரிவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேற்றம். "மஞ்சளும் மாத்திரையும் சமம்" என்று வீடியோக்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அந்த ஆய்வில் போலி மாத்திரைப் பிரிவு கிடையாது. மனச்சோர்வு ஆய்வுகளில் போலி மாத்திரை வாங்கினவர்களிலேயே மூன்றில் ஒரு பங்கு பேர் வரைக்கும் தேறுவது வழக்கம். மருத்துவர் நேரம் கொடுத்துப் பேசுவது, குணமாகும் என்ற நம்பிக்கை, நோயே மெல்ல இறங்குவது எல்லாம் அதில் சேரும். அந்தப் பிரிவு இல்லாமல், தேறியதில் மஞ்சளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

வல்லாரை, நீர்ப்பிரமி, அமுக்கரா ஆகியவை சித்த, ஆயுர்வேத நூல்களில் நெடுங்காலமாக இருப்பவை. பதற்றம், தூக்கம், நினைவாற்றல் சம்பந்தமாக இவற்றில் சில நல்ல ஆய்வுகள் உண்டு. மனச்சோர்வு என்ற நோய்க்குத் தனி மருந்தாக இவற்றைச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை.

மூலிகைதானே, பக்கவிளைவு வராதே?

இந்த ஒரு நம்பிக்கைதான் என்னை மிகவும் பயப்படுத்துகிறது.

சர்ப்பகந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மூலிகை. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் எழுதிய கட்டுரை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கியதோடு மனமும் இறங்கியது, ஆழமான மனச்சோர்வு வந்தது. ரெசர்பின் செரடோனின், நார்அட்ரினலின் போன்ற மூளை வேதிப்பொருள்களின் இருப்பைக் காலிசெய்கிறது என்று அப்புறம் தெரியவந்தது. மனச்சோர்வுக்கும் இந்த வேதிப்பொருள்களுக்கும் தொடர்பு உண்டு என்ற கருத்து வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு செடி மனதை ஏற்றும் என்றால் இன்னொரு செடி இறக்கவும் செய்யும்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அதனால் மற்ற மருந்துகள் சீக்கிரம் கரைந்து வெளியேறிவிடும். கருத்தடை மாத்திரை, இதய நோயாளிகள் போடும் வார்ஃபரின், சிறுநீரகம் மாற்றியவர்கள் போடும் சைக்ளோஸ்போரின் எல்லாம் பலன் குறையும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்தால் செரடோனின் அளவுக்கு மீறிப் போய் ஆபத்தாகலாம். அமுக்கரா மாத்திரைகளால் கல்லீரல் பாதித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, அது தவிர, டென்மார்க் 2023இல் அமுக்கராவுக்குத் தடையே போட்டது.

நானோ என்றால் என்ன? அதை எதற்கு மூலிகையோடு சேர்க்கிறார்கள்?

ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். மருந்துத் துகள்கள் பெரும்பாலும் சில பத்துகளிலிருந்து சில நூறு நானோமீட்டருக்குள் இருக்கும்.

இது எதற்கு என்று உங்கள் அடுக்களையிலேயே பார்க்கலாம். மஞ்சள்பொடியைத் தண்ணீரில் போட்டால் அடியில் தங்கும். தேங்காய் எண்ணெயில் போட்டால் எண்ணெய் முழுக்க நிறம் ஏறும். குர்குமின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. நம் குடலோ தண்ணீர் நிறைந்த இடம். உள்ளே போனதில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படும், அதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். இத்தனைக்கும் மஞ்சள்பொடியில் குர்குமினே 100க்கு 3 பங்குதான். பாவ்நகரில் கொடுத்த 1,000 மி.கி. குர்குமின் வேண்டுமென்றால் தினமும் 30 கிராமுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும்.

நல்லமிளகு சேர்த்தால் உறிஞ்சல் கூடும் என்பது உண்மை. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மி.கி. சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் கிடைத்த அளவு 20 மடங்கு கூடியது. அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் வீங்கிய நோயாளிகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். சமையலில் போடும் அளவைப் பற்றிச் சொல்லவில்லை. செறிவாக்கிய மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன்.

மிளகு உடம்பின் வாசலைத் தளர்த்துகிறது என்றால், நானோ முறை மருந்தின் உருவத்தையே மாற்றுகிறது. எண்ணெயில் கரையும் சத்தை மிகச் சிறிய கொழுப்புத் துளிக்குள் வைத்துத் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகள் மிதக்கிறதே, அதேதான், துளி மட்டும் பல மடங்கு சிறியது. குலசேகரம் பக்கத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். ரப்பர் பால் என்பது ரப்பர்த் துகள்கள் நீரில் ஒட்டாமல் மிதக்கும் கலவை. ஆசிட் ஊற்றினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்துவிடும். உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். நானோ மருந்திலும் இதே கவலைதான். வயிற்றின் அமிலத்தில் உறையாமல், பாட்டிலில் மாதக்கணக்கில் திரளாமல், எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒருமுறை செய்துகாட்டுவதற்கும் தொழிற்சாலையில் ஒவ்வொரு தடவையும் அதேபோலச் செய்வதற்கும் நடுவில்தான் பல வருஷம் கழிகிறது.

இது வெறும் கற்பனையும் இல்லை. 2021இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது ஊரெல்லாம் தேடி அலைந்த லைபோசோமல் ஆம்போடெரிசின் ஊசி நினைவிருக்கிறதா? அது இந்த வகை நானோ மருந்துதான். பழைய ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதிக்கும். கொழுப்புக் குமிழிக்குள் வைத்த பிறகு அந்தப் பாதிப்பு குறைந்தது. மனச்சிதைவு நோய்க்கு மாதம் ஒருமுறை போடும் பாலிபெரிடோன் ஊசியிலும் மருந்து நானோ படிகமாக இருக்கிறது. 2009இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது.

மூளைக்குள் நேராகப் போகும் என்கிறார்களே?

மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளி இல்லாமல் இறுக்கமாக ஒட்டியிருக்கும். இரத்தத்தில் வருகிற பெரும்பாலான பொருள்களை அது உள்ளே விடாது. அந்தக் காவல் இருப்பதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். அதே காவல் மருந்தையும் தடுக்கிறது.

இதைத் தாண்ட இரண்டு வழிகளில் முயல்கிறார்கள். ஒன்று, துகளின் மேல் பாலிசார்பேட் 80 என்ற பொருளைப் பூசுவது. அப்போது இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதம் துகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். மூளைச் சுவர் அதை வழக்கமாக வரும் சரக்கு என்று எண்ணி உள்ளே எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று மூக்கு வழி. வாசனை நரம்பு மூக்கின் மேற்கூரையிலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. நம் வைத்தியத்தில் நசியம் என்று மூக்கில் சொட்டு விடுவது பழைய முறை. இங்கே சிக்கல் என்னவென்றால், மூக்குச் சளி கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் தொண்டைக்குத் தள்ளிவிடும். மருந்து ஒட்டி நிற்க வேண்டும். அதற்குப் பெரிதும் பயன்படுவது கைட்டோசான். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? இறால் ஓட்டிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும். குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் நாம் வேண்டாமென்று ஒதுக்குகிற ஓட்டில்தான் அந்தச் சரக்கு இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இது.

மூக்கு வழியாக மனச்சோர்வு மருந்து கொடுக்க முடியும் என்பது 2019இலேயே உறுதியாகிவிட்டது. அந்த வருஷம் மார்ச்சில் எஸ்கெட்டமின் ஸ்ப்ரேக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது மூலிகையும் இல்லை, நானோவும் இல்லை. மருத்துவமனையில் வைத்து, கண்காணிப்பில்தான் கொடுப்பார்கள்.

"எலியில் குணமாகிவிட்டது" என்று செய்தி வந்ததே?

எலியிடம் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க முடியாது. அதனால் தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் பாத்திரத்தில் அதை விடுவார்கள். கொஞ்ச நேரம் நீந்தித் தப்பிக்கப் பார்க்கும், அப்புறம் அசையாமல் மிதக்கும். எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது என்று அளப்பார்கள். மருந்து கொடுத்த எலி கூடுதல் நேரம் நீந்தினால் மருந்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். 1977இல் வந்த சோதனை இது. வாலில் தொங்கவிட்டுப் பார்ப்பது, இனிப்புத் தண்ணீரில் ஆசை குறைகிறதா என்று பார்ப்பது போன்றவையும் உண்டு.

புது மருந்துகளைச் சலித்தெடுக்க இவை உதவும். ஆனால் ஓரிரு நாளில் முடிகிற எலிச் சோதனையை வைத்து, மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கிற உங்கள் மகளைப் பற்றி முடிவெடுக்க முடியாது. எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் ஏராளம். செய்தியைப் படிக்கும்போது "எலி" என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பல நேரம் கடைசிப் பத்தியில் இருக்கும்.

அப்படியானால் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

மூலிகைச் சத்தை நானோவாக்கி மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் ஆய்வகத்திலும் எலிகளிடமும்தான் நடக்கிறது. மருத்துவர் சீட்டில் எழுதித்தர இந்த வகையில் ஒப்புதல் பெற்ற மருந்து கிடையாது.

ஆன்லைனில் "நானோ" என்று போட்டு விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். நானோ மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று இந்திய அரசு 2019இல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. துகளின் அளவு, நிலைத்தன்மை, உடம்பில் எங்கே போய்த் தங்குகிறது என்பதெல்லாம் அதில் வரும். உணவுச் சத்துப் பொருள் என்ற பெயரில் வருகிற பாட்டில்கள் அந்த வழியாக வருபவை இல்லை. அதில் நானோ துகள் இருக்கிறதா என்று உங்களாலும் என்னாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, உறிஞ்சல் கூடினால் நன்மையோடு தீமையும் கூடும். பொடியாக இருந்தபோது பத்திரமாக இருந்த அளவு, நானோவானபோது பத்திரமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பற்பமும் செந்தூரமும் அந்தக் காலத்து நானோதான் என்று ஆசான் சொல்கிறாரே?

வர்மமும் வைத்தியமும் தலைமுறையாக வளர்ந்த மண் இது. ஆசான்மார் மேல் எனக்கு மதிப்பு உண்டு. பற்பமும் செந்தூரமும் உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டு எடுக்கும் பொடிகள். சில பற்பங்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது நானோ அளவுத் துகள்கள் தெரிந்தன என்பது உண்மை. விரல் ரேகைக்குள் படிய வேண்டும், தண்ணீரில் மிதக்க வேண்டும் என்று முன்னோர் வைத்த சோதனைகளும் துகளின் நுண்மையைப் பார்ப்பதற்குத்தான். துகள் சிறிதாக இருப்பதால் மட்டும் மருந்து மனச்சோர்வுக்குக் கேட்டுவிடாது. முறையாக முடிக்காத பற்பத்தில் ஈயம், பாதரசம் மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சாப்பிடத்தான் வேண்டும் என்றால், பதிவுபெற்ற சித்த மருத்துவரிடமும் உரிமம் பெற்ற தயாரிப்பிலும் நில்லுங்கள்.

கல்லூரியில் படிக்கும் என் மகன் இலைச்சாற்றில் வெள்ளித் துகள் செய்கிறான். அது?

நல்ல படிப்பு. வெள்ளி உப்புக் கரைசலில் இலைச்சாற்றை ஊற்றினால் நிறம் மெல்லப் பழுப்பாக மாறும், நானோ வெள்ளி உருவாகும். கிருமிகளைக் கொல்லும் பூச்சுக்கு அது பொருத்தம். குடிப்பதற்கு இல்லை. உள்ளே போன வெள்ளி கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும். இங்கே மூலிகை மருந்தாக இல்லை, வெள்ளியைத் துகளாக்கும் கருவியாகத்தான் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் மலையிலேயே சஞ்சீவி இருக்கிறது என்கிறார்களே?

மருந்துவாழ்மலையைப் பற்றி அனுமன் கதை கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அதைவிடச் சமீபத்திய கதை ஒன்று சொல்கிறேன். 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆராய்ச்சியாளர்கள் களைத்து நடந்தபோது, வழிகாட்டிய காணிமக்கள் மட்டும் ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு சோராமல் ஏறினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதை வைத்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, வருமானத்தில் ஒரு பங்கைக் காணிகளுக்கே கொடுக்க ஏற்பாடு செய்தது. பேச்சிப்பாறைப் பக்கம் வாழ்கிற காணிகளும் அதே மக்கள்தான். மூலிகையை ஆராய்கிற ஒவ்வொருவரும் அந்த ஏற்பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன். ஆனால் ஜீவனி உடல் களைப்புக்கானது. மனச்சோர்வில் வருகிற அசதி வேறு.

மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். என் சொந்தத்தில் ஒரு மதினி, மாத்திரையில் நன்றாகத் தேறி, மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்தார். "சுகமாயாச்சே, இனி எதுக்கு இங்கிலீஷ் மருந்து" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரே நாளில் நிறுத்திவிட்டு ஒரு பொடிக்கு மாறினார். முதல் வாரம் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை. இரண்டு மாதத்தில் பழைய இருட்டு திரும்பி வந்தது. அந்தப் பொடியை வாங்கித்தந்தது அவர் மேல் உயிரையே வைத்திருந்த ஒரு ஆள்தான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். அடிமையாக்கிவிடும் என்ற பயத்தால் பலர் நிறுத்துகிறார்கள். தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்கு அந்தக் குணம் உண்டு. மனச்சோர்வு மாத்திரைக்காக யாரும் ஏங்கி அலைவதில்லை.

எங்கே போக வேண்டும்?

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், மனநல மருத்துவரைப் பார்க்கலாம், காசு வேண்டாம். ஆயுர்வேதத்தில்தான் நம்பிக்கை என்றால் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் மறு பக்கத்தில் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். போக முடியாத ராத்திரிகளுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு, தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே கூட்டிப்போங்கள். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு, கடற்கரை ஊர்களில் திரும்பி வராதவர்களின் வீடுகளில் வருஷக்கணக்கில் யாரும் சிரிக்கவில்லை. அதை நோய் என்று யாரும் பார்க்கவில்லை, விதி என்று விட்டுவிட்டோம். துக்கம் துக்கம்தான், அதற்கு மாத்திரை இல்லை. ஆனால் அந்தத் துக்கத்துக்குள்ளேயே சிலருக்கு மனச்சோர்வு வேர்விட்டிருக்கும். அதற்கு வைத்தியம் உண்டு.

அம்மா தினமும் வல்லாரைத் துவையல் சாப்பிடுகிறார். மனநல மாத்திரையும் போடுகிறார். துவையலை நிறுத்தச் சொல்லவா?

வேண்டாம், சாப்பிடட்டும். இலையாகச் சாப்பிடுகிற அளவு வேறு, செறிவாக்கிய மாத்திரை வேறு. பகலில் அதிகமாகத் தூங்கி வழிந்தால் மட்டும் அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள். வரப்பில் போய் அவரே பறிக்கிறார் என்றால் தடுக்காதீர்கள், கூடப் போங்கள். அந்த நடைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.